கட்டாத சிவப்புத் துணி

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ப்ளாகுனா விளக்குமாறும் கையுமாகத் தெருவுக்கு வந்தாள். அன்று ஊர்த் திருநாள். ஆண்டவர் விண்ணேறிய நாள் என்று கோயில் மணி அடிக்கும், வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து இறங்கும், வாசல் குப்பையாகக் கிடந்தால் மானம் போகும். பெருக்கிக்கொண்டே மதிலோரம் வந்தவள், மதிலைத் தாண்டித் தெருப்பக்கம் தொங்கும் தன் திராட்சைக் கொடியை அண்ணாந்து பார்த்தாள். கையில் விளக்குமாறு அப்படியே நின்றுவிட்டது.

கொடியில் இலைகளைக் காணோம். எல்லா இலையும் போய்விடவில்லை. நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இலைகள் மட்டும் போயிருந்தன. உள்ளங்கை அளவில், இளசாக, யாப்ராக் சுருட்டுவதற்கென்றே வளர்ந்த இலைகள். பறித்த இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. யாரோ விடிந்ததும் விடியாததுமாக வந்து பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்நேரம் அந்த இலைகளில் அரிசியையும் கறியையும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். பூசை முடிந்து வந்ததும், பன்னிரண்டு மணிக்கெல்லாம் பானையோடு மேசைக்கு வந்துவிடும்.

அந்த இலைகளில் விஷம் இருந்தது. முந்தாநாள் சாயங்காலம் அதைத் தெளித்தவள் ப்ளாகுனாவேதான்.

தெருவில் தொங்குவது தெருவுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம். மதிலுக்கு உள்ளே இருக்கிற இலை வீட்டுக்காரருக்கு, வெளியே தொங்குகிற இலை வழியில் போகிறவருக்கு. கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மரத்துக்கோ கொடிக்கோ மருந்து அடித்தவர்கள் அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். துணி தொங்கினால் இரண்டு வாரத்துக்கு யாரும் கை வைக்க மாட்டார்கள். எங்கள் ஸ்லிவோவோவில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

ப்ளாகுனா துணி கட்டவில்லை. மறந்து போனாள் என்றால் மன்னித்துவிடலாம். அவள் வேண்டுமென்றேதான் கட்டவில்லை.

அதற்குக் காரணம் புரிய வேண்டுமானால் ப்ளாகுனாவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பத்தெட்டு வயது. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்தாறு வருஷம். கோடை முழுக்கப் புருஷன் இலியாவோடு புகையிலை பறிப்பாள், ஊசியில் கோர்ப்பாள், காயவைப்பாள். மிச்ச நேரமெல்லாம் கொல்லைத் தோட்டத்தில் குனிந்தே கிடப்பாள். முட்டைக்கோஸ், மிளகாய், அவரை, உருளைக்கிழங்கு என்று அவள் வைத்ததெல்லாம் வளரும். ஆனால் பூச்சிமருந்துக் கடைப் படியை அவள் மிதித்ததே இல்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

கோஸில் புழு விழுந்தால் பனி காய்வதற்குள் சாம்பலைத் தூவுவாள். செந்தட்டிச் செடியை நீல டிரம்மில் இரண்டு வாரம் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைத் தெளிப்பாள். டிரம்மைத் திறந்த அன்று தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும். உருளைக்கிழங்கு வண்டை உப்புத்தண்ணி டப்பாவோடு போய் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். இலையைத் திருப்பி அடியில் இருக்கும் ஆரஞ்சு முட்டைகளைக் கட்டைவிரலால் நசுக்குவாள். மீதியைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும். இவ்வளவோடு நின்றிருந்தால் நல்ல மனுஷி என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் யாராவது முதுகில் தெளிப்பானை மாட்டினால் வேலியோரம் வந்து நின்றுகொள்வாள்.

"வாயில வைக்கிற சாமான்ல போய் விஷத்த அடிக்கிறியேடி, கை கூசல?" என்பாள். இந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் கேட்காத வீடு ஊரில் கிடையாது.

அதிகம் கேட்டவள் மித்ரா. இலியாவின் செத்துப்போன அண்ணன் மனைவி, ப்ளாகுனாவுக்கு மூத்த ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மதில். ஆறு வருஷத்துக்கு முன்னால் மித்ரா தன் மிளகாய்க்குக் கடை மருந்து அடித்தாள், காற்று திசை மாறியது, மருந்து இந்தப் பக்கத்துப் புல்லில் இறங்கியது. மேய்ந்துகொண்டிருந்த பன்னிரண்டு கோழியும் சாயங்காலத்துக்குள் செத்து விழுந்தன. ப்ளாகுனா கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஊர்க் கிணற்றடியில் வரிசையாகப் போட்டு, "விஷக்காரி!" என்று கத்தினாள். காற்று மாறியதும் எச்சரிக்கத் தான் வந்ததாகவும், வாசலில் நின்று கதவைத் தட்டியதாகவும் மித்ரா சொன்னாள். யாரும் வரவே இல்லை, யாரும் தட்டவே இல்லை என்றாள் ப்ளாகுனா. எதிரே பன்னிரண்டு கோழி செத்துக் கிடக்கும்போது ஊர் யாரை நம்பும்? மித்ராவுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் கொடியில் வண்டு விழுந்தது. உளுந்தளவுகூட இல்லாத வண்டு. நீலமாக மினுங்கும், விரலை நீட்டினால் துள்ளி ஓடிவிடும். அதன் கறுப்புப் புழுக்கள் இலையின் அடியில் இருந்துகொண்டு நரம்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தின்றன. ப்ளாகுனா சாம்பல் போட்டாள், சோப்புத் தண்ணீர் அடித்தாள், செந்தட்டித் தண்ணீர் அடித்தாள். வண்டு சட்டை செய்யவில்லை. திருநாளுக்கு நான்கு நாள்தான் இருந்தது. விருந்தாளிகள் உட்காரப்போவது அந்தக் கொடி நிழலில். தின்று சல்லடையான முதிர்ந்த இலைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'இவள்தான் ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவளா' என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் சிரிப்பார்கள் என்று நினைத்தவள் நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

கொட்டகையில் போன வருஷத்துப் புகையிலைத் தூள் ஒரு சாக்கு இருந்தது. மூன்று கை அள்ளி வாளியில் போட்டாள், ஊறவைத்தாள், கஷாயம் மாதிரி கொதிக்க வைத்து இறக்கினாள். எங்கள் ஊரில் புகையிலையை யாரும் விஷம் என்று நினைப்பதில்லை. அது எங்களுக்குச் சோறு போடுகிற சாமான். பிள்ளைகளை இலைக் குவியல் மேலேயே தூங்கவைத்து வேலை பார்த்த ஊர் இது. விரலில் ஏறிய அந்தக் கறுப்புப் பிசினோடுதான் ரொட்டியும் பிய்ப்போம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மதிலின் இரண்டு பக்கமும் கொடி சொட்டச் சொட்டத் தெளித்தாள். துணி கட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். கட்டினால் ப்ளாகுனாவும் மருந்து அடித்துவிட்டாள் என்று ஊர் சொல்லும். இது மருந்தா என்ன, நம்ம வீட்டுப் புகையிலைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது வியாழக்கிழமை காலையில், காலியான கொடிக்குக் கீழே நின்றபோது அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. போன ஆகஸ்டில் மழையில் நனைந்த புகையிலையைப் பறித்த அன்று இலியா வயலிலேயே சுருண்டு விழுந்தான். வாந்தி, குளிர் வியர்வை, நெஞ்சு படபடப்பு. ஈரத்தில் அதன் விஷம் தோல் வழியாக ஏறியதற்கே அந்தப் பாடு. இது வயிற்றுக்குள் போகப்போகிறது.

யார் பறித்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் கண்ணெதிரேயே இருந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் இலையைக் காம்போடு ஒடித்துப்போய் வீட்டில் வைத்துக் காம்பை நறுக்குவார்கள். இந்தக் கொடியில் காம்புகள் அப்படியப்படியே நின்றன. இலை மட்டும் நகத்தால் கிள்ளப்பட்டிருந்தது. அப்படிக் கிள்ளுவது ஒரே ஒரு வீட்டுப் பழக்கம். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ப்ளாகுனா.

அவள் காம்புகளைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, 'அவள் என் கொடியைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது, அவளாக இருக்காது' என்று சொல்லிக்கொண்டு, எதிர்வீட்டு சோஃப்காவின் கதவைத் தட்டப் போனாள். இலியா விடிகாலையே கோயில் முற்றத்துக்குப் போய்விட்டான். திருநாள் ஆட்டுக்கறி அண்டாவைக் கிண்டுவது ஆண்கள் வேலை. அவனிடம் சொல்லியிருந்தால் நேராகப் போகவேண்டிய வாசலுக்குத் துரத்தியிருப்பான். அதனால்தான் அவனுக்குப் போன் பண்ணவில்லையோ என்னவோ.

சோஃப்கா மாவுக் கையோடு கதவைத் திறந்தாள்.

"என்னடி, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு யாப்ராக் பண்றியா?"

"பண்ணாம? பதினாலு பேரு வர்றாங்க."

"இலை ஏது?"

சோஃப்காவின் முகம் மாறியது. "ஏது இலைன்னா? உங்கொடியிலேர்ந்து திருடினேனான்னு கேக்க வந்தியா?"

"நீ திருடினன்னு யாருடி சொன்னா? சும்மா கேட்டேன்."

"சும்மா யாரும் திருநாளன்னிக்கு இலைக்கு விசாரணை பண்ண மாட்டாங்க. வா, வந்து பாரு." கையைப் பிடித்து இழுத்துப்போய் ஜாடியைக் காட்டினாள். "போன வருஷம் உப்புத்தண்ணில போட்ட இலை. என் வீட்டுக் கொடியில பறிச்சது. போதுமா? ஒரு பிடி இலைக்கு இந்தப் பாடா படுவாங்க? நீ இவ்வளவு கஞ்சம்னு எனக்குத் தெரியாதும்மா."

'புகையிலைத் தண்ணி அடித்திருக்கிறேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. போன மாதம்தான் இதே சோஃப்காவை ரோஜாச் செடிக்கு மருந்து அடித்ததற்காகத் தெருவில் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள்.

அடுத்தது பஸ் டிரைவர் வீடு. அங்கே வெளியூர் விருந்தாளிகள் வந்தாயிற்று. அத்தனை பேருக்கு முன்னாலும் டிரைவர் மனைவி, "எங்க வீட்டுல இந்த வருஷம் மிளகாயிலதான் அரிசி அடைக்கிறோம், இலை கிலை எதுவும் இல்ல, வேணும்னா சோதனை போட்டுக்கோ" என்று சிரித்தாள். விருந்தாளிகளும் சிரித்தார்கள். தெருக்கோடி வாத்தியார் வீட்டில் கதவு பூட்டியிருந்தது. ப்ளாகுனா அடுக்களை ஜன்னலில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். கேக் வாசனை மட்டும்தான் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், பண்டிகைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அடுத்தவர் வீட்டு ஜன்னலை மோந்துகொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார முடியவில்லை. அடுப்பில் எதையோ வைத்தாள், இறக்கினாள், எதை இறக்கினோம் என்று தெரியவில்லை. தன் விருந்தாளிகள் டவுன் பஸ்ஸில் பன்னிரண்டரைக்குத்தான் வருவார்கள். மணி பதினொன்றரை. பூசை முடிந்து கோயில் மணி அடித்தது. தெருவில் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம், தட்டுகள் உரசுகிற சத்தம் எல்லாம் கேட்டது. அதோடு வாசனையும் வந்தது. திராட்சை இலை வெந்தால் வருகிற அந்தப் புளிப்பு வாசனை.

வாசலில் நின்ற சோஃப்கா, காலையில் பேசியதற்கு வருத்தப்பட்டாளோ என்னவோ, தெருவைத் தாண்டி வந்தாள்.

"மித்ரா வீட்டப் பாத்தியா? மருமக வந்திருக்கா, லுப்லியானாலேர்ந்து. கோர்தனா. பாவம், ரெண்டு தடவை உண்டாகி ரெண்டும் கலைஞ்சு போச்சில்ல? இப்ப நாலாவது மாசமாம். மித்ரா தரையில கால் பாவாம நடக்கறா."

ப்ளாகுனாவுக்குக் கேட்டது அவ்வளவுதான். தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தோளில் விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினாள்.

மித்ராவின் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த முற்றத்தில் கால் வைத்தாள். பழக்க தோஷத்தில் படியோரம் செருப்பை உதறினாள். மல்பெரி மரத்தடியில் நீள மேசை. இருபது பேர் இருப்பார்கள். வருஷா வருஷம் அண்ணன் வீட்டில் ஒரு வாய் ரக்கியாச் சாராயம் குடித்துவிட்டு வருகிற இலியாவும் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தான். நடுவில் பெரிய தாம்பாளம், அதில் கவிழ்த்துக் கொட்டிய யாப்ராக், பச்சையும் பழுப்புமாக அடுக்கடுக்காக, ஆவி பறக்க. பாதிரியார் இன்னும் ஜெபம் சொல்லி முடிக்கவில்லை.

"யாரும் தொடாதீங்க!"

ஜெபம் நின்றது. மித்ரா மேசையின் தலைமாட்டில் எழுந்து நின்றாள். கறுப்புச் சேலைமாதிரி நெடுக விழும் கைம்பெண் உடுப்பு, கையில் கரண்டி.

"ஆறு வருஷம் கழிச்சு வந்தது என் வீட்டுச் சாப்பாட்டத் தடுக்கவா?"

"அக்கா." அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததில் ப்ளாகுனாவுக்கே திகைப்பு. "அது என் கொடியில பறிச்ச இலையா?"

"ஆமா. தெருவுல தொங்கினதப் பறிச்சேன். அதுக்கும் உங்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

"வேணாம். சீட்டெல்லாம் வேணாம். அதுல மருந்து அடிச்சிருக்கேன்."

"யாரு?"

"நான்தான்."

"நீயா?" மித்ராவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "நீ மருந்து அடிப்பியா?"

"புகையிலைத் தண்ணி. மூணு கை தூள், ரெண்டு நாள் ஊறினது, கொதிக்க வச்சது. செவ்வாக்கெழம சாயங்காலம் அடிச்சேன்."

இலியா கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். "அடிப்பாவி, கொதிக்க வேற வச்சியா?"

"துணி கட்டலையே," என்றாள் மித்ரா.

"கட்டல."

"மறந்துட்டியா?"

இத்தனை பேர் முகத்துக்கு எதிரே 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். ப்ளாகுனா இல்லையென்று தலையை ஆட்டினாள். "மறக்கல. ஊரு பாக்குமேன்னு கட்டல."

மித்ரா கரண்டியை மேசையில் வைத்தாள். குரல் உயரவில்லை. "ஊர்லயே விஷம் படாத கொடி உன்னோடதுதான்னு நெனச்சு விடியக்காலம் போய்ப் பறிச்சேன்டி. எங்கொடியிலகூட நான் பறிக்கல. இந்தப் புள்ளைக்காகத்தான்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண்ணின் தோளில் கையை வைத்தாள். பிறகு அந்தக் கை அப்படியே இறுகியது. "கோர்தனா. உப்புப் பாக்கச் சொன்னேனே, எத்தனை சாப்பிட்ட?"

"ரெண்டு," என்றாள் கோர்தனா. மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு, அத்தை. நல்லா இருந்துச்சு," என்றாள்.

"எப்ப?"

"மணி அடிச்சப்ப."

மித்ரா தாம்பாளத்தை மூடிவைத்திருந்த சிவப்புத் துணியை எடுத்துப் பல்லால் கடித்து நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். ப்ளாகுனாவிடம் நீட்டினாள்.

"மொதல்ல இதப் போய்க் கட்டு. வேற எவளாவது பறிக்கப் போறா."

ப்ளாகுனா வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள். கொடியில் துணியைக் கட்டினாள். கோயிலிலிருந்து வருகிற ஜனமெல்லாம் நின்று பார்த்தது. "அட, அதுக்குத்தானா காலையிலேர்ந்து..." என்று ஆரம்பித்த சோஃப்கா பாதியில் வாயை மூடிக்கொண்டாள். "ஆமாடி, அதுக்குத்தான்," என்றாள் ப்ளாகுனா, சத்தமாகவே.

திரும்பி வந்தபோது இலியா டவுன் டாக்டரோடு போனில் இருந்தான். சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். இலையை முதலில் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தீர்களா? எடுத்தோம் என்றாள் மித்ரா. அந்தத் தண்ணீரை என்ன செய்தீர்கள்? கொட்டிவிட்டேன். டாக்டருக்கு அதில் கொஞ்சம் நிம்மதி. விஷத்தில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரோடு போயிருக்கும் என்றார். ஆனால் முழுக்கப் போயிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வண்டி வாசலில் தயாராக நிற்கட்டும். வாய் எரிச்சல், எச்சில் ஊறுவது, வியர்வை, குமட்டல், நெஞ்சு படபடப்பு, இதில் எது வந்தாலும் உடனே கிளம்புங்கள். இரண்டு மணி வரை ஒன்றுமில்லை என்றால் பயமில்லை.

இலியா யாப்ராக் முழுவதையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தான். நாய் கிளறாமலிருக்க மேலே கல்லைத் தூக்கி வைத்தான். விருந்தாளிகள் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தின்றார்கள்.

கோர்தனாவை உள்ளே சோபாவில் உட்காரவைத்து, மித்ரா ஒரு பக்கமும் ப்ளாகுனா ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். யாரும் ப்ளாகுனாவை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

"வாய் எரியுதாம்மா?"

"இல்ல, சின்னத்தை."

"குமட்டுதா?"

கோர்தனா பரிதாபமாகப் பார்த்தாள். "எனக்குத் தினமும் குமட்டுது. இது எந்தக் குமட்டல்னு நான் எப்படிச் சொல்றது?"

ப்ளாகுனா அவள் நெற்றியைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. ஜூன் மாதம், எல்லார் நெற்றியும்தான் ஈரமாக இருந்தது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். வேகமாக அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், அடிப்பது தன் விரலிலிருக்கும் நாடி என்று புரிந்தது. பன்னிரண்டரைக்கு டவுன் பஸ் வந்து போகிற சத்தம் கேட்டது. தன் வீட்டில் கதவு பூட்டியிருக்கும், விருந்தாளிகள் தெருவில் நிற்பார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு மணிக்குக் கோர்தனா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். மித்ரா "இலியா, வண்டிய எடு!" என்று அலறினாள். ப்ளாகுனா கிண்ணத்தைத் தேடி ஓடினாள். கோர்தனா ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ஆட்டுக்கறி வாசனை," என்றாள். "பொறுக்க முடியல."

மித்ரா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். ப்ளாகுனா கிண்ணத்தோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தக் குழந்தை தங்கினால் போதும், இனிமேல் யாருடைய தோட்டத்துக்கும் வாய் நீட்ட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்ளும்போதே அது தன்னால் முடியாத காரியம் என்று தோன்றியது. வேறு ஏதாவது வேண்டிக்கொள்ளலாமா என்று யோசித்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்றரை. ஒன்றே முக்கால். கோர்தனா மாமியார் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தூக்கமா மயக்கமா என்று இரண்டு பேரும் மாறி மாறி அவள் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை இரண்டு கையும் இடித்துக்கொண்டன. மூச்சு சீராக வந்தது.

சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. மித்ராவின் தோள்கள் கீழே இறங்கின. கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. துடைத்தால் மருமகள் விழித்துவிடுவாள்.

ப்ளாகுனா எழுந்து போயிருக்கலாம். வந்த வேலை முடிந்துவிட்டது. கதவு வரைக்கும் போனாள், நின்றாள், திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து மூன்று வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாள். தட்டிவிட்டு, திறக்கிறவரைக்கும் வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்பது இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா."

"ம்."

"அந்தக் கோழி செத்த அன்னிக்கு நீ வந்து கதவத் தட்டின. நான் உள்ளதான் இருந்தேன்."

மித்ரா மருமகளின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள்.

"எண்ணெய்ச் சட்டியத் திருப்பித் தரலன்னு உன்மேல கோவம். தட்டட்டும்னு உக்காந்திருந்தேன். நீ எதுக்கு வந்தன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா தெறந்திருப்பேன். அப்புறம் கோழி செத்ததும், வெளிய சொல்ல முடியல."

"தெரியும்," என்றாள் மித்ரா.

"என்ன தெரியும்?"

"நீ உள்ள இருந்தது தெரியும். உன் ரப்பர் செருப்பு ரெண்டும் வாசப்படியில கெடந்துச்சு. ஒண்ணு கவுந்து கெடந்துச்சு. நிமித்தி வச்சிட்டுத்தான் வந்தேன்."

"தெரிஞ்சுமா கிணத்தடியில பேசாம நின்ன? செருப்பு கெடந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? மருந்து என்னோடதுதான. செத்த கோழியெல்லாம் எந்திரிக்குமா?"

அன்று சாயங்காலம் கோழிகள் கத்துகிற சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்து செருப்பை மாட்டிக்கொண்டது ப்ளாகுனாவுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. இரண்டும் நேராக, ஜோடியாக இருந்ததா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

கோர்தனா கண்ணை விழித்து, பசிக்கிறது என்றாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.